ரைஃபிள் நின்றுவிட்டால் முதலில் கேஸ் ரெகுலேட்டரையா திருப்புவது?

அல்சூர் சாப்பர்:

வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் ஞாயிறு காலை நடைக்கு வருகிற முன்னாள் படைவீரர்கள் நாங்கள். பாதிப் பேர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை, மீதிப் பேர் காலாட்படை. சென்ற வாரம் என்.சி.சி.யில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்டான்: "தாத்தா, எஸ்.எல்.ஆர். (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) சுடும்போது நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" நண்பர் ஒருவர் உடனே சொன்னார்: "கேஸை இரண்டு கிளிக் மூடு, ஓடிவிடும்." அது தவறு என்று அங்கேயே மறுத்தேன். ஏரியை இரண்டு சுற்று சுற்றியும் பேச்சு முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வேலை பார்த்தவன். என் கட்சி இதுதான்: ரைஃபிள் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது காலித் தோட்டா எங்கே கிடக்கிறது என்பதை. ரெகுலேட்டர் கடைசி.

பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குண்டு குழலில் ஓடும்போது, குழலின் மேற்பக்கம் இருக்கும் சிறு துளை வழியாகக் கொஞ்சம் கேஸ் மேலேறிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டைப் பின்னால் அனுப்புகிறது. போகும் வழியில் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி காலித் தோட்டாவை இழுக்கிறது, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது. திரும்பும் வழியில் போல்ட் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. எஸ்.எல்.ஆர். ரெகுலேட்டர் செய்வது ஒன்றே ஒன்று: மிகுதிக் கேஸை வெளியே கசிய விடுவது. திறந்தால் கசிவு அதிகம், பிஸ்டனுக்கு அடி குறைவு. மூடினால் அடி அதிகம். "திற" என்றால் பலம் கூடும் என்று நினைத்து எதிர்த்திசையில் திருப்பிய பையன்கள் எத்தனை பேர்!

காலித் தோட்டா வெளியே போய்விட்டது, குழலில் தோட்டா உட்காரும் இடமான சேம்பர் காலி, மேகசினில் மட்டும் தோட்டா இருக்கிறது என்றால் போல்ட் முழுத் தூரம் பின்னால் போகவில்லை என்று பொருள். அது கேஸ் குறைவு, மூடலாம். ஆனால் காலித் தோட்டா சேம்பருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் முதுகில் அடுத்த தோட்டா வந்து முட்டி நின்றால்? அங்கே இன்னும் கேஸைக் கூட்டுவது நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது.

காலாட்படைக்காரன்:

அண்ணா, அன்று உங்களோடு வாதாடியவன் நான்தான். உங்கள் அறிவுக்கு மரியாதை கொடுத்தே மறுக்கிறேன். நீங்கள் ஆயுதத்தைப் பார்த்தது மேசைமேல், நல்ல வெளிச்சத்தில். நான் பார்த்தது லடாக்கில், பதினாலாயிரம் அடிக்கு மேலே, கையுறையோடு. அங்கே எண்ணெய் வெல்லப்பாகு போல இறுகிவிடும். தோட்டாவின் வெடிமருந்தும் குளிரில் அதே வேகத்தில் எரிவதில்லை. கீழே பெங்களூரில் சரியாக ஓடிய அதே அமைப்பு அங்கே போதாது. எனவே கேஸ் குறைவுதான் முதல் சந்தேகம்.

பயிற்சி என்பதே யோசனையைக் குறைப்பதற்குத்தான். நின்றது, காக் செய் (போல்ட்டைக் கையால் பின்னால் இழு), உள்ளே பார், மீண்டும் சுடு. மறுபடி நின்றால் கேஸ். பிரென் எல்.எம்.ஜி. என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கியிலும் இப்படித்தானே? நான்கு அளவுத் துளைகள் கொண்ட ரெகுலேட்டர். சிறியதிலிருந்து அடுத்த பெரியதற்கு மாற்றி மேலே சுடுவோம். எதிரே சுடுகிறவன் உங்கள் ஆராய்ச்சி முடியும்வரை காத்திருப்பானா?

வொயிட்ஃபீல்டு பொறியாளர்:

இரு பெரியவர்களிடமும் மாறுபடுகிறேன். நான் படையில் இருந்தவன் இல்லை. இயந்திர வடிவமைப்பு என் தொழில். வீரன் கையில் திருப்பக் கொடுக்கும் ஒவ்வொரு பாகமும் தவறாகத் திருப்பப்படும். ஏ.கே.47இல் ரெகுலேட்டரே கிடையாது. தேவைக்கு மேல் கேஸ், கனமான போல்ட் கேரியர், அதோடு சேர்ந்தே இருக்கும் பிஸ்டன், பாகங்களுக்கிடையே தாராள இடைவெளி. அதன் தோட்டாவும் கூம்புபோல் சரிவாக இருப்பதால் சேம்பரிலிருந்து சிறிது நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிவிடுகிறது. உலகமே அதை நம்புகிறது. திருப்பும் வசதி இல்லாவிட்டால் இந்த விவாதமே இல்லை.

அல்சூர் சாப்பர்:

தம்பி, ரெகுலேட்டர் இல்லாத இன்னொரு ரைஃபிளும் இருக்கிறது: எம்16. வியட்நாமில் என்ன நடந்தது? தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள். குச்சி மருந்துக்குப் பதில் உருண்டை மருந்து. சுடும் வேகம் கூடியது, கரி கூடியது. சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லை, ஈரத்தில் அரித்தது. துடைக்கும் சாமான்கூடப் போதுமான அளவு கொடுக்கவில்லை. காலித் தோட்டா சேம்பரில் ஒட்டி, வீரர்கள் குழலின் வாய் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளினார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. பிறகு சேம்பருக்குக் குரோம் பூசினார்கள், துடைக்கும் சாமான் கொடுத்தார்கள். ஆகவே திருப்பும் வசதி இல்லாததால் மட்டும் நிம்மதி வந்துவிடாது. கேஸும் தோட்டாவும் சேம்பரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

காலாட்படைத் தம்பிக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சில் ஒரு ரைஃபிள் நாள்தோறும் நின்றது. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் இரண்டு கிளிக் மூடியிருக்கிறார். கடைசியில் முழுதாக மூடிவிட்டது. அப்போதும் நின்றது. மாலையில் காலித் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்கும்போது அந்த ரைஃபிளின் தோட்டாக்களைத் தனியே எடுத்துப் பார்த்தேன். விளிம்பில், எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கும் இடத்தில், பிறைபோல ஒரு கடி. சிலவற்றில் பித்தளை கிழிந்தே இருந்தது. கேஸ் அதிகமானால் போல்ட் அவசரமாகத் திறக்கிறது. உள்ளே அழுத்தம் இன்னும் தணியவில்லை. தோட்டா வீங்கிச் சேம்பர் சுவரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த நேரத்தில் எக்ஸ்ட்ராக்டர் இழுத்தால் தோட்டா வராது, விளிம்புதான் பிய்யும்.

பிஸ்டனை வெளியே எடுத்தேன். தலைப்பகுதியில் கரி அடைபோலப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. பிஸ்டன் ஓடும் சிலிண்டருக்குள் துடைக்கும் துண்டுத் துணியை விட்டு இழுத்தேன். நான்காவது துண்டும் கறுப்பாகவே வந்தது. முதல் நாள் நின்றது இந்தக் கரியால். அதைத் துடைக்காமல் கேஸைக் கூட்டிக் கூட்டி எக்ஸ்ட்ராக்டரையும் கெடுத்தார்கள். சுத்தம் செய்து, எக்ஸ்ட்ராக்டரை மாற்றி, ரெகுலேட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டு, ஒவ்வொரு கிளிக்காக மூடி வந்தேன். போல்ட் தவறாமல் முழுத் தூரம் போய்வரும் இடம் கிடைத்ததும், கரிக்கும் தூசிக்கும் குளிருக்குமாக இன்னும் இரண்டு கிளிக் மூடினேன். அந்த இரண்டு கிளிக் சேமிப்பு. அதை முதல் நாளே செலவழித்துவிட்டால் லடாக்கில் எதைத் திருப்புவீர்கள்?

குறிபார்ப்பவள்:

ஐயா, நான் படைவீரர் இல்லை, போட்டிகளுக்காகச் சுடுகிறேன். எஸ்.எல்.ஆர். சுடும் 7.62 மி.மீ. நம் நாட்டில் தடை செய்யப்பட்ட குழல் அளவு (bore). எங்களைப் போன்றவர்கள் கையில் அது வராது. நாங்கள் பழகுவது .22 என்ற சிறிய குழல் அளவு. அதில் தானாக இயங்கும் வகைகளிலும் பெரும்பாலும் பிஸ்டனோ கேஸ் துளையோ கிடையாது; வெடிப்பின் உதையே போல்ட்டைத் தள்ளுகிறது. அதனால் நின்றால் நாங்கள் பார்ப்பது மெழுகும் கரியும் சேர்ந்த அழுக்கு, தோட்டாவின் தரம், தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேகசினின் மேல்விளிம்பு.

ஆனால் இவ்வளவு நேரம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே காக் செய்யாதீர்கள். குழலை இலக்கை நோக்கியே வைத்து, விரலை வெளியே எடுத்து, முப்பது விநாடி காத்திருக்கச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. வழக்கமான சத்தத்துக்குப் பதில் மந்தமாக "டப்" என்று கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அப்போது அடுத்த தோட்டாவை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. "காக் செய், மீண்டும் சுடு" என்று அந்த என்.சி.சி. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அண்ணா.

காலாட்படைக்காரன்:

தங்கை சொல்வதை ரேஞ்சுக்கு முழுமையாக ஏற்கிறேன். அவனிடம் நானே பேசுகிறேன். போர்க்களத்தில் முப்பது விநாடி கிடையாது. ஆனால் அந்தப் பையன் போர்க்களத்துக்குப் போகவில்லை. அதை மறந்து பேசிவிட்டேன்.

சாப்பர் அண்ணாவின் கடி பட்ட தோட்டா என்னை யோசிக்க வைத்தது. எங்கள் பயிற்சியில் "உள்ளே பார்" என்பது இருந்தது. நாங்கள்தான் அதைக் கண்ணைத் திருப்பும் சடங்காக்கிவிட்டோம். ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரட்டைத் தோட்டா முட்டி நிற்கும்போது யோசனை எதுவும் வேண்டாம்: மேகசினைக் கழற்று, காக் செய்து உதறு, விரலால் தடவிச் சேம்பர் காலி என்று உறுதி செய்துகொள், புது மேகசின் போடு. அதில் கேஸுக்கு வேலை இல்லை; அங்கே நீங்கள் சொன்னது சரி. போல்ட் குறைத்தூரம் போய் நிற்கும்போது மட்டும் நான் ரெகுலேட்டரைத் திருப்புவேன். சுத்தம் செய்யும் வரை காத்திருக்க மாட்டேன்.

வொயிட்ஃபீல்டு பொறியாளர்:

எம்16 உதாரணத்தை ஏற்கிறேன். அப்படியானால் ஒரு சமரசம்: டிராகுனோவ் என்ற ரஷ்ய ரைஃபிளில் போல ரெகுலேட்டருக்கு இரண்டே நிலை. சாதாரணம், கரி மிஞ்சிய நிலை. திருப்புவதற்குத் தோட்டாவின் விளிம்பே போதும். தவறு செய்ய இடமே இல்லை.

அல்சூர் சாப்பர்:

இரண்டு நிலை நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு ரைஃபிளும் ஒரு மாதிரி, தம்பி. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு எஸ்.எல்.ஆர். எனக்கு ஒரே கிளிக்கில் சரியாக ஓடியதே இல்லை. நுணுக்கமாகத் திருப்ப முடிவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. காலாட்படைத் தம்பி, போல்ட் குறைத்தூரம் போனால் திருப்புங்கள், மறுக்கவில்லை. திருப்பியதை அன்று மாலையே ஆர்மரரிடம் சொல்லுங்கள். அந்த ரேஞ்சில் யாரும் சொல்லவில்லை. அதுதான் என் கோபம்.

காலாட்படைக்காரன்:

சொல்லுவோம், அண்ணா. எங்கள் செக்ஷனில் (சிறு படைக்குழுவில்) ஒவ்வொருவனுக்கும் தன் ரைஃபிளின் எண் தெரியும்: முழுதாக மூடிய இடத்திலிருந்து எத்தனை கிளிக் வெளியே என்று. இருட்டில், கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் எண்ணிப் பார்ப்போம். என்னுடையது ஐந்து. ஒரு காலைப்பொழுது எண்ணியபோது மூன்று இருந்தது. இரவில் யாரோ திருப்பியிருக்கிறான். அன்று முதல் படுக்கும்போதும் எழும்போதும் எண்ணுவேன்.