மதம் மாறாமல் திருமணம்: அறிவிப்புப் பலகையைத் தவிர்க்க முடியுமா?

வடசேரிக்காரி:

நான் இந்து. அவர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். இருவருக்கும் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், வேலை சென்னையில். சாதி ஒன்றே என்பதால் வீட்டில் பெரிய சண்டை இல்லை. மதத்தில் வந்துதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. "பெயருக்கு ஒரு ஞானஸ்நானம் எடுத்துக்கொள், அடுத்த வாரமே சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்துவிடலாம்" என்கிறார் அவருடைய பெரியப்பா. "கோயிலில் தாலி கட்டி இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம், மாப்பிள்ளையின் மதத்தை யார் கேட்கப்போகிறார்கள், பத்திர எழுத்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார் என் மாமா. எங்களுக்கு இரண்டிலும் விருப்பமில்லை. மதம் மாறாமலே மணக்க இடம் தரும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்துகொள்ள நினைக்கிறோம். ஆனால் பெயரையும் முகவரியையும் முப்பது நாள் அலுவலகத்தில் ஒட்டிவைப்பார்களாமே? சென்னையில் விண்ணப்பித்தால் ஊரில் தெரியாமல் முடியுமா? சுயமரியாதைத் திருமணம் செய்து பதிவு செய்தால் அறிவிப்பே கிடையாது என்கிறாள் தோழி. அது சரியா?

ஓய்வுபெற்ற கோப்பு:

பதிவுத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பலகையில் காகிதம் ஒட்டியவர்களில் நானும் ஒருவன்.

முதலில் உங்கள் மாமாவின் யோசனை. அதன் பக்கமே போகாதீர்கள். 1996-இல் ஆந்திரத்தில் ஒரு கத்தோலிக்க இளைஞரும் ஒரு இந்துப் பெண்ணும் கோயிலில் தாலி கட்டி, இந்து திருமணச் சட்டத்தில் பதிவும் செய்தார்கள். பிறகு மனக்கசப்பு, வழக்கு. 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணமே செல்லாது என்றுவிட்டது. இருவரும் இந்துவாக இருந்தால்தான் அந்தச் சட்டம். பதிவு செய்ததால் செல்லாதது செல்லுபடியாகிவிடாது. சேர்ந்து வாழும் வரை இது யாருக்கும் உறைக்காது. மனைவி என்ற உரிமையைக் கேட்க வேண்டிய நாள் வரும்போதுதான் காகிதத்தில் ஓட்டை தெரியும்.

தோழி சொல்வதிலும் இதே சிக்கல்தான். 1967-இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. புரோகிதர் இல்லாமல் மணந்தவர்கள் எத்தனையோ பேர் அதோடு அந்தரத்தில் தொங்கினார்கள். புதிய பிரிவு முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்துக் காப்பாற்றியது. மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால்கூடப் போதும். எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம், தாலிகூட வேண்டாம், இருவரும் இந்துவாக மட்டும் இருக்க வேண்டும். கடவுள் மறுப்பாளர்கள் நடத்திய திருமணத்தைக் காப்பாற்றவும் மதச் சட்டத்துக்குள்தான் இடம் தேட வேண்டியிருந்தது. பௌத்தர், சமணர், சீக்கியர் சட்டத்தின் கண்ணில் இந்துக் கணக்கில் வருவார்கள். உங்கள் மாப்பிள்ளை வரமாட்டார்.

பெரியப்பா சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். ஞானஸ்நானம் கேட்பது சபை, சட்டம் அல்ல. கத்தோலிக்கர்களிடம் ஆயரின் அனுமதியோடு மணமகள் மதம் மாறாமலே மணமுடிக்க வழி இருக்கிறது. மதம் மாறினால் வேறு விளைவுகளும் உண்டு: பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தத் தகுதியை இழப்பார். உங்களுக்கு இது பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே நீங்கள் நினைத்த வழிதான் சரி. சென்னையில் விண்ணப்பிக்கலாம், இருவரில் ஒருவர் முப்பது நாளாவது அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். ஆனால் ரகசியம் நிற்காது. நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அறிவிப்பின் நகல் அந்த ஊர் திருமண அலுவலருக்குப் போகும், அங்கும் ஒட்டுவார்கள். அறிவிப்புப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் புரட்டலாம். சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

மார்த்தாண்டத்தான்:

எங்கள் சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். "ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்" என்று போதகர் எல்லார் முன்னாலும் கேட்கிறார். அதை யாரும் அநியாயம் என்பதில்லை. அரசு செய்தால் மட்டும் தவறா? ஏற்கெனவே மனைவி உள்ளவன் இன்னொரு பெண்ணை ஏமாற்றாமல் தடுக்க ஏதாவது வேண்டாமா?

ஓய்வுபெற்ற கோப்பு:

ஓலை வாசிப்பது சபையார் முன்னால்; அந்தச் சபையில் மணமுடிக்க விரும்பி நீங்களே போய்க் கேட்கிறீர்கள். அலுவலகப் பலகையைப் பார்ப்பவர் யார்? நான் பார்த்தவரை நிலம் பதிய வந்தவர், வில்லங்கச் சான்று வாங்க வந்தவர், அப்புறம் இதற்கென்றே வாரம் ஒரு முறை வந்து இரண்டு மதப் பெயர் சேர்ந்திருக்கும் காகிதங்களை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துப் போகிறவர். அவர் ஆட்சேப மனு கொடுத்ததே இல்லை. பெண்ணின் வீட்டுக்குச் செய்தி போய்விடும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

இருதார மணத்தைத் தடுக்கத்தான் அறிவிப்பு என்றால், அது எல்லாருக்கும் இருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் இன்று காலை மண்டபத்தில் தாலி கட்டலாம். முப்பது நாள் யாரும் காத்திருப்பதில்லை. முதல் மனைவியை மறைப்பவன் மதச்சார்பற்ற சட்டத்தைத் தேடித்தான் வருவானா என்ன? எனக்குள்ள ஒரே ஆத்திரம் இதுதான். மதத்தின் வழியே மணப்பவரை அரசு நம்புகிறது; மதம் வேண்டாம் என்று தன்னிடமே நேராக வருபவரைச் சந்தேகிக்கிறது.

இதற்கு ஒரு பரம்பரை உண்டு. 1872-இல் முதலில் வந்த சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணப்பவர்கள் "நான் இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் அல்ல" என்று வரிசையாக மறுத்துக் கையெழுத்திட வேண்டும். 1923-இல் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். மதத்தை மறுக்காமலே எல்லாரும் மணக்கலாம் என்றது 1954-ஆம் ஆண்டுச் சட்டம்தான். மறுப்புறுதி போயிற்று, பலகை மட்டும் மிஞ்சிவிட்டது. 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் எழுதிக் கேட்டால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்றது. கேரளம் 2020-இலேயே இணையதளத்தில் போடுவதை நிறுத்தியது. அலகாபாத் தீர்ப்பைக் காட்டி நம் ஊர் அலுவலகத்தில் பலகையைத் தவிர்த்துவிட முடியாது.

நீலக்குடை:

இடையில் ஒரு வார்த்தை. நானும் என் இணையும் ஆண்கள். எங்கள் பெயரை முப்பது நாள் அல்ல, முந்நூறு நாள் ஒட்டினாலும் சம்மதம், ஒட்டத்தான் மாட்டார்கள். இதே 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்களையும் சேர்க்கக் கேட்ட வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் அது நாடாளுமன்றத்தின் வேலை என்றுவிட்டார்கள். 2019-இல் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று சொன்னது நினைவிருக்கிறதா? மதச் சட்டம் ஓர் அடி முன்னே வந்தது, மதச்சார்பற்ற சட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஐயா சொல்லும் கோபத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற கோப்பு:

சேர்த்துக்கொள்கிறேன் தம்பி. நான் பணியில் இருந்தபோது இது மனதில்கூட வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வடசேரிக்காரி:

நன்றி ஐயா. இருவரும் பேசி, வீட்டில் சொல்லிவிட்டே பலகையில் ஒட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். யாராவது ஆட்சேபம் கொடுத்தால்? அன்றைக்கு நடைமுறை என்ன? தாலி கட்ட அனுமதிப்பார்களா?

ஓய்வுபெற்ற கோப்பு:

"வேறு மதம்", "அப்பாவுக்குச் சம்மதமில்லை" என்பதெல்லாம் ஆட்சேபமே அல்ல. உயிரோடு இருக்கும் கணவன் அல்லது மனைவி, வயது, மனநிலை, தடை செய்யப்பட்ட உறவு, இவ்வளவுதான் கணக்கு. அலுவலர் முப்பது நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. வீம்புக்கு ஆட்சேபித்தவருக்கு அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் செலவுத்தொகை விதிக்கலாம். 1954-இல் அது பெரிய பணம். இன்று கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை இலைக்குக்கூடக் காணாது.

உறவு பற்றி இங்கே படிக்கும் மற்றவர்களுக்கும்: அத்தை மகன், மாமன் மகள் நமக்கு முறைப்பிள்ளைகள், இந்தச் சட்டத்துக்குத் தடை உறவு. வழக்கம் என்று சொன்னால் மட்டும் போதாது, அரசிதழில் அறிவிக்கப்பட்ட வழக்கமாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். அலுவலர் முன்னால் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகத் தமிழிலேயே சொல்லலாம்; அந்த வாக்கியம் கட்டாயம். மற்றபடி தாலியோ மோதிரமோ மாலையோ உங்கள் விருப்பம். கூடுதல் கட்டணம் கட்டினால் அருகிலுள்ள மண்டபத்துக்கே அலுவலரை அழைக்கவும் சட்டம் இடம் தருகிறது. அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், தவறினால் மறுபடியும் பலகைதான். சான்றிதழ் கையில் வந்ததும் பெயர்களை ஆதாரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள், பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.