டெவ்டூல்ஸை (பிரவுசரின் பிழைதேடும் கருவி) தொட்டாலே டிராப்டவுன் மறைகிறது, அவசரம்

தட்டான்: தேடல் பெட்டிக்குக் கீழே வரும் பரிந்துரைப் பட்டியல் பாதியில் வெட்டுப்படுது. இன்ஸ்பெக்ட் பண்ணலாம்னு டெவ்டூல்ஸின் எலிமென்ட்ஸ் பக்கம் கிளிக் பண்ணினா பட்டியலே காணோம். எது எதுக்கு மேலே தெரியணும்னு சொல்ற இசட்-இன்டெக்ஸ் 9999 போட்டும் பலன் இல்ல. இன்னிக்குள்ள முடிக்கணும்.

செமிகோலன்: எந்த பிரவுசர்? பட்டியல் திறப்பது ஹோவரிலா (மவுஸ் மேலே வந்தா), ஃபோகஸிலா (பெட்டிக்குள் கர்சர் வந்தா)?

கட்டம்போட்டசட்டை: ஸ்டைல்ஸ் டேபில் ஹோவ் பொத்தானை அழுத்தி ஹோவரை டிக் பண்ணுங்க. நிக்கும்.

செமிகோலன்: சிஎஸ்எஸ்ஸில், அதாவது தோற்றத்தைச் சொல்ற கோடில், எழுதின ஹோவரா இருந்தால்தான் அது எடுபடும். மவுஸ்என்டர் (மவுஸ் உள்ளே வந்த நிகழ்வு) கேட்டுத் திறக்கிற ஸ்கிரிப்டுக்கு அந்த டிக் தெரியவே தெரியாது.

பழையபிழை: கேள்வியை முழுசாக் கேக்கத் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. எதுவா இருந்தாலும் டெவ்டூல்ஸ் கன்சோலில் செட்டைம்அவுட் (தாமதிச்சு ஓட்டுற கட்டளை) எழுதி, உள்ளே ஸ்கிரிப்டை நிறுத்துற டிபக்கர்னு ஒரு சொல், நேரம் 3000 மில்லிநொடி. என்டர் தட்டிட்டு 3 நொடிக்குள்ள பட்டியலைத் திறங்க. ஸ்கிரிப்ட் உறைஞ்சு போகும், மூடுற கோடு ஓடாது. அப்புறம் நிதானமா நோண்டலாம்.

தட்டான்: குரோம். இன்புட்டில் ஃபோகஸ் வந்தா திறக்கும்.

செமிகோலன்: அப்ப டெவ்டூல்ஸில் கிளிக் பண்ணினதும் பக்கம் ஃபோகஸை இழக்குது, பிளர் (ஃபோகஸ் போனதும் வர்ற நிகழ்வு) ஓடி மூடிடுது. ரெண்டரிங் டேபில் 'எமுலேட் எ ஃபோகஸ்டு பேஜ்' டிக் போடுங்க. புதிய பதிப்புகளில் அதே ஹோவ் பொத்தானுக்குள்ளும் இருக்கு. டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரை பக்கம் ஃபோகஸில் இருப்பதாகவே நினைச்சுக்கும்.

கட்டம்போட்டசட்டை: யார் மூடுறாங்கன்னு தெரியணும்னா எலிமென்ட்ஸில் பட்டியல் மேல வலது கிளிக், பிரேக் ஆன், நோட் ரிமூவல். கால் ஸ்டாக், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டதுங்கிற வரிசை, காட்டிக் கொடுத்துடும்.

பழையபிழை: டாமிலிருந்து, அதாவது பக்கத்தின் உறுப்பு மரத்திலிருந்து, நீக்கினால்தானே நிக்கும்? டிஸ்ப்ளே நன் போட்டு ஒளிச்சா நோட் அங்கேயேதான் இருக்கு. அதுக்கு ஆட்ரிபியூட் மாடிஃபிகேஷன்ஸ்.

கட்டம்போட்டசட்டை: ஸ்டைல் தன் மேலேயே மாறினாதான் அதுவும். கிளாஸ் அப்பன் டிவ்வில் (பட்டியலைச் சுத்தியிருக்கிற உறுப்பு) மாறினா அங்கே வைக்கணும். ஃபயர்ஃபாக்ஸில் இந்தத் தலைவலி கம்மி, உறுப்புக்குப் பக்கத்திலேயே ஈவென்ட்னு சின்னப் பட்டை நிக்கும்.

பழையபிழை: குரோமில் ஈவென்ட் லிசனர்ஸ் டேப் என்ன அலங்காரத்துக்கா? ஆன்செஸ்டர்ஸ் டிக் போட்டா மேலே டாக்குமென்ட் வரை காட்டும்.

கட்டம்போட்டசட்டை: காட்டும், லைப்ரரி உள்ளே இருக்கிற ஒரே ஃபங்ஷனை. 2006ல ஃபயர்ஃபாக்ஸுக்கான பிழைதேடும் நீட்சி ஃபயர்பக் வந்த காலத்திலேர்ந்து ஃபயர்ஃபாக்ஸ்காரங்க இதெல்லாம் பார்த்தவங்க.

பழையபிழை: அந்த ஃபயர்பக்கே 2017ல மூட்டை கட்டிடுச்சு.

செமிகோலன்: சண்டை அப்புறம். தட்டான், வெட்டுப்படுறதுக்கு இசட்-இன்டெக்ஸ் காரணமா இருக்காது. பட்டியலை நிறுத்திட்டு மேலே ஒவ்வொரு பெற்றோர் உறுப்பா கம்ப்யூட்டட் டேபில் ஓவர்ஃப்ளோ (எல்லை தாண்டினதை என்ன செய்யணும்ங்கிற விதி) பாருங்க. ஹிட்டன் (வெட்டி மறை) இருந்தா எத்தனை 9 சேர்த்தாலும் வெளியே வராது.

தட்டான்: ஃபோகஸ் டிக் போட்டதும் நின்னுது. மூணாவது டிவ்வில், கார்டில்தான், ஓவர்ஃப்ளோ ஹிட்டன். எடுத்தாச்சு, ஆனா இப்ப கார்டோட வட்ட மூலை போச்சு.

செமிகோலன்: ஹிட்டனைத் திரும்பப் போட்டு, பட்டியலை மட்டும் அந்தக் கார்டுக்கு வெளியே நகர்த்துங்க.