கேரி சினிஸ் "2011ல கடை போட்டவர்"னு சொன்ன மகானுக்கு

பழைய டிவிடி:
நேத்து ஃபாரஸ்ட் கம்ப் படத்தைப் பத்தி பேச்சு ஓடிட்டு இருந்தப்போ கொட்டிவாக்கம்காரன் சார் போறபோக்குல ஒண்ணு எழுதிட்டுப் போயிருக்கார். "லெப்டினன்ட் டான்னு ஒரே ஒரு ரோல், அந்தப் பேரை வெச்சு 2011ல கடை போட்டு நல்லவன் ஆயிட்டாரு"ன்னு. அந்தப் படத்துல வியட்நாம் போர்ல ரெண்டு காலும் போன லெப்டினன்ட் டானா நடிச்ச கேரி சினிஸைச் சொல்றார், கடைன்னது முன்னாள் ராணுவத்தினருக்கு உதவ அவர் ஆரம்பிச்ச ஃபவுண்டேஷனை. படிச்சதுல இருந்து எரியுது. கேரி சினிஸ் 1974ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து சிகாகோ பக்கம் ஸ்டெப்பன்வுல்ஃப்னு நாடக கம்பெனி ஆரம்பிச்ச ஆளு, சர்ச் பேஸ்மென்ட்ல நாடகம் போட்ட பசங்க அவங்க, நடிகர் ஜான் மால்கோவிச் எல்லாம் அந்தப் பட்டறைதான். 1984ல வியட்நாம் போய் வந்தவங்களே சேர்ந்து உருவாக்கின ஒரு நாடகத்தை அங்க டைரக்ட் பண்ணார். அதைத் தொட்டுத்தான் முன்னாள் ராணுவத்தினருக்குன்னு தனி ராத்திரி வெச்சு சாப்பாடும் போட்டு நாடகமும் ஃப்ரீயா காட்டினாங்க. ஃபாரஸ்ட் கம்ப் வந்தது 1994. பத்து வருஷம் முன்னாடி சார், பத்து வருஷம்!!

கொட்டிவாக்கம்காரன்:
வந்துட்டாருய்யா வாத்தியாரு. கேரி சினிஸ் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சது எந்த வருஷம்? 2011. தப்பா? அதை மட்டும் சொல்லுங்க. ஓசி டிக்கெட் குடுக்கிறதெல்லாம் சேவைன்னா எங்க ஏரியா தியேட்டர் கேட்கீப்பருக்கு பாரத ரத்னா குடுக்கணும்.

பழைய டிவிடி:
ஓசி டிக்கெட்டாம். வியட்நாம்ல இருந்து வந்தவங்கள ஊர்ல எவனும் மதிக்காத காலம் அது, யூனிஃபார்மோட வெளிய போகவே யோசிச்சாங்க. அவர் மச்சானுங்களே வியட்நாம் போனவங்க, அவங்க சொன்னதைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்ததா அவரே பல தடவ சொல்லியிருக்கார். 1984. எழுதி வெச்சுக்கங்க.

நைட் ஷிஃப்ட்:
இவ்ளோ பேசறாரே, ஆர்மில ஒரு நாளாவது இருந்தாரா? எங்கப்பா எக்ஸ் மிலிட்டரி. மேக்கப் போட்டு கால் போன மாதிரி நடிக்கிறவனும் நிஜமா கால் போனவனும் ஒண்ணா?

பழைய டிவிடி:
ஒண்ணுன்னு யாருங்க சொன்னா? இல்லாததுக்கு பதில் சொல்ல நான் ரெடியா இல்ல. படம் வந்த சில வாரத்துலயே உடல் ஊனமான முன்னாள் ராணுவத்தினரோட டிஸ்ஏபிள்டு அமெரிக்கன் வெட்டரன்ஸ் சங்கத்துக்காரங்க அவங்க மாநாட்டுக்குக் கூப்பிட்டு விருது குடுத்தாங்க. அந்த ஹால்ல வீல்சேர்ல உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியாத வித்தியாசம் உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?

சுண்டல்:
ஒரு சின்ன டவுட். கால் இல்லாத சீன் எல்லாம் காலை மடக்கிக் கட்டித்தானே எடுத்தாங்க?

பழைய டிவிடி:
இல்ல தம்பி. முழங்காலுக்குக் கீழ நீலத் துணி சுத்தி எடுத்து, ஐஎல்எம்ங்கிற கிராஃபிக்ஸ் கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல ஃப்ரேம் ஃப்ரேமா அழிச்சாங்க. 1994ல அது பெரிய விஷயம்.

சுண்டல்:
ஆனா வீல்சேரையே மேஜிக் பண்றவர் ஒருத்தரை வெச்சு டிசைன் பண்ணி, காலை உள்ள மறைச்சாங்கன்னு படிச்சிருக்கேனே. அப்ப மடக்கித்தானே ஆகணும்?

பழைய டிவிடி:
அது சில ஷாட்டுக்கு. நான் சொன்னது மத்த ஷாட்டுக்கு.

சுண்டல்:
அப்ப மடக்கினாங்க. தேங்க்ஸ்.

டல்லாஸ் அக்கா:
ஆரம்பிச்சது ஆரம்பிச்சதுன்னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? முதல் உதவியா, டிரஸ்ட் ரிஜிஸ்டர் பண்ண வருஷமா? அதைப் பேசிட்டு சண்டை போடுங்களேன். அந்த டிரஸ்ட் கட்டிக்குடுக்கிற வீடு எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? வாசல்ல படியே கிடையாது. கதவெல்லாம் வீல்சேர் தாராளமா நுழையற அகலம். சிங்க்குக்குக் கீழ காலியா விட்டிருப்பாங்க, சேரோட உள்ள போய் பாத்திரம் கழுவலாம். மேல இருக்கிற கப்போர்டு பட்டன் அமுக்கினா கைக்கு இறங்கி வரும். லைட்டு, கதவு, ஏசி எல்லாம் ஒரு டேப்லெட்ல. ரெண்டு காலும் ஒரு கையும் போன மனுஷன் யாரையும் கூப்பிடாம காபி போட்டுக் குடிக்கலாம். வீட்டு மேல கடன் கிடையாது, முழுசா அவங்களுக்கே.

கொட்டிவாக்கம்காரன்:
நன்றிக்கா. இந்த வீடெல்லாம் ஃபவுண்டேஷன் கட்டினது. ஃபவுண்டேஷன் எப்போ? 2011.

பழைய டிவிடி:
கேட்டா கிளிப்பிள்ளை மாதிரி 2011. 2010லயே நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட்ல ரெண்டு கையும் ரெண்டு காலும் போன சிப்பாய்க்கு வீடு கட்ட இவரோட பேண்ட் கச்சேரி பண்ணி பணம் சேர்த்துக் குடுத்தது. 2003ல ஈராக் போனப்போ சோல்ஜர்ஸ் யாருக்கும் இவர் பேரு தெரியல, எல்லாரும் லெப்டினன்ட் டான்னுதான் கூப்பிட்டாங்க, சரி அதுவே இருக்கட்டும்னு பேண்டுக்கு அந்தப் பேரு. இவர் பேஸ் கிட்டார். கூட ஆரம்பிச்ச கிமோ வில்லியம்ஸ் நிஜமாவே வியட்நாம்ல இருந்தவர். இவர் நடிச்ச டிவி சீரியல் சிஎஸ்ஐ நியூயார்க் 2004ல இருந்து ஒன்பது சீசன் ஓடிச்சு, அந்த ஷூட்டிங்குக்கு நடுவுல கேம்ப் கேம்ப்பா போய் வாசிச்சிட்டு இருந்தாங்க. 2004லயே ஈராக் பசங்களுக்கு நோட்டு பென்சில் அனுப்ப தனியா ஒரு அமைப்பு. 2008ல அமெரிக்க ஜனாதிபதி கையால, நாட்டுக்கு சேவை செஞ்சவங்களுக்குக் குடுக்கிற சிட்டிசன்ஸ் மெடல். சார் கணக்குப்படி 2011ல ஆரம்பிச்ச வேலைக்கு 2008ல மெடல் குடுத்திருக்காங்க. எப்படி?

கொட்டிவாக்கம்காரன்:
யார் குடுத்தா, புஷ்ஷு. ஈராக்ல குண்டு போட்டவரே மெடல் குடுக்கிறாரு, இவரு அதே ஈராக்குக்கு பென்சில் அனுப்பறாரு. நல்லா இருக்கு கம்பெனி.

நைட் ஷிஃப்ட்:
ஆமா ஹாலிவுட்ல வலதுசாரி நடிகருங்க ரகசியமா கூடற குரூப்பு ஆரம்பிச்சதும் இவருதான். அதைப் பத்தி பழைய டிவிடி ஒரு வார்த்த பேச மாட்டாரு. போன வருஷம் என் பதிவுல வந்து "அரசியல் வேணாமே ப்ரோ"ன்னு கிளாஸ் எடுத்தவரு.

பழைய டிவிடி:
அது வேற விஷயம். உங்க பதிவுல பாதி ஃபார்வர்டு மெசேஜ், அதைச் சொன்ன கோவம் இன்னும் ஆறல. ஓட்டு யாருக்குப் போட்டா என்ன, காபி போட முடியாதவனுக்கு வீடு கட்டினாரா இல்லையா?

நைட் ஷிஃப்ட்:
அதைக் கவர்மென்ட்டு செய்யணும். போருக்கு அனுப்பினவன்தான் வீடும் கட்டிக் குடுக்கணும். நடிகன் கச்சேரி பண்ணிக் காசு சேர்க்கிறது அந்த நாட்டுக்கு அசிங்கம்.

டல்லாஸ் அக்கா:
கவர்மென்ட்டும் வீட்டுக்கு மானியம் தருது தம்பி. மொத்த வீட்டுக்கும் அது பத்தாது, அதான் இவங்க. நான் கேட்டதுக்கு இன்னும் ரெண்டு பேரும் பதில் சொல்லல.

கொட்டிவாக்கம்காரன்:
நடிப்புன்னு எடுத்தாலும் ஒரே ரோல்தானே. ஆஸ்கார் வாங்கினாரா?

பழைய டிவிடி:
நாமினேஷன். மார்ட்டின் லாண்டாவுக்குப் போச்சு. அதனால என்ன? ஜனாதிபதி ட்ரூமனா நடிச்சதுக்கு கோல்டன் குளோப், கவர்னர் ஜார்ஜ் வாலஸா நடிச்சதுக்கு எம்மி, அப்பல்லோ 13 படத்துல விண்வெளி வீரர் கென் மேட்டிங்லி, ரான்சம் படத்துல வில்லன். ஒரே ரோலாம். 2024 ஜனவரில கேன்சர்ல மகனைப் பறிகொடுத்த மனுஷன், இத்தனைக்கும் நடுவுல அந்த வேலைய விடல. உங்களுக்கு ஒரு ரோலு, ஒரு வருஷம், அதுக்கு மேல எண்ணத் தெரியாது.

கொட்டிவாக்கம்காரன்:
மகன் விஷயம் பாவம், அதைக் கொண்டாந்து வாதத்துக்கு முட்டு குடுக்காதீங்க. ஃபவுண்டேஷன் 2011. உங்க வாயால ஒரு தடவ "ஆமா"ன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்.

பழைய டிவிடி:
நீங்க 1984ன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்.

சுண்டல்:
பாஸ், கப்பல் விளிம்புல இருந்து தண்ணில குதிச்சு நீந்துவாரே, அங்க வீல்சேரும் இல்ல. அதுல மடக்கினாங்களா அழிச்சாங்களா?

பழைய டிவிடி:
தம்பி இரு, முதல்ல இவர் அந்த 2008 மெடலுக்கு ஒழுங்கா பதில் சொல்லட்டும்.