மகளுக்கு வளவைப் பிரிக்கலாம், நிலத்தடித் தண்ணியைப் பிரிக்க முடியுமா?

கல்லடிப் பெடியன்:
மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவு 40 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர்). அம்மம்மாவின் சீதனம். அம்மாவுக்கும் இரண்டு சின்னம்மாமாருக்கும் பிரித்து, இப்போது அக்காவுக்கும் ஒரு வீடு எழும்பிவிட்டது. நாலு வீடு, நாலு கிணறு, நாலு மலக்குழி. போன மாரியில் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணி குனிந்து வாளியால் அள்ளும் உயரத்தில் நின்றது. சின்னம்மா வீட்டு மலக்குழியின் மூடியும் ஏறத்தாழ அதே மட்டத்தில்தான். இரண்டுக்கும் இடையில் 18 அடி மணல். நானே நாடா பிடித்து அளந்தேன்.

குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது, அறுபது அடி விடச் சொல்வார்கள். 10 பேர்ச் துண்டைச் சதுரமாக வெட்டினாலே ஒரு பக்கம் 52 அடிதான் வரும். வீட்டையும் கட்டி, அந்த இடைவெளியும் விட்டு, பக்கத்து வளவுக் கிணற்றையும் பார்த்துக்கொள்ள எங்கே இடம்? நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதியோ 150 சதுர மீற்றர் வரைக்கும், அதாவது 6 பேர்ச் வரைக்கும், பிரிக்க விடுகிறது. கழிவுக் குழாய் ஓடுகிற கொழும்புத் தெருவுக்கு அது பொருந்தும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் மணலுக்குப் பொருந்தாது. எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடலோரம் கிடக்கிற எங்கள் பக்கத்தில், இனி 20 பேர்ச்சுக்குக் கீழே காணி பிரிக்க அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து. எதிர்ப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

மூன்று பெண்ணின் வாப்பா (காத்தான்குடி):
தம்பி, உங்கள் குடும்பத்துக்கு 40 பேர்ச் இருந்தது. எனக்கு 18. மகள்மார் மூன்று பேர். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இந்த ஊரில் கல்யாணப் பேச்சே எழும்பாது. அது உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் ஒன்றுதான். 20 பேர்ச் சட்டம் வந்தால் இரண்டு காரியம் நடக்கும். காசுள்ளவன் காணியை வாங்குவான். இல்லாதவன் அனுமதியே இல்லாமல் கட்டுவான், இல்லையென்றால் வாவிக்கரையில் மண் கொட்டி நிரப்பிக் கட்டுவான். அதுதான் உங்களுக்கு வேண்டுமா?

அப்புறம், கிணற்றுத் தண்ணியை இப்போது யார் குடிக்கிறார்கள்? உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வவுணதீவில் சுத்திகரித்துக் குழாயில் வருகிறது. கிணறு துவைக்கவும் தென்னைக்கு ஊற்றவும்தான். அதற்காக என் மூன்றாவது மகளை வீடில்லாமல் விடச் சொல்கிறீர்களா?

கல்லடிப் பெடியன்:
காக்கா, மகள்மாரின் வீடு பற்றி நீங்கள் சொன்னது சரியான கேள்வி. பிறகு அதற்கு வருகிறேன். முதலில் குழாய்த் தண்ணி. முன்பு துலாவாலும் வாளியாலும் அள்ளிய வீட்டில் இப்போது ஷவரும் வோஷிங் மெஷினும் ஓடுகின்றன. அவ்வளவு தண்ணியும் உன்னிச்சையிலிருந்து வந்து கடைசியில் நம் மணலுக்குள்தான் இறங்குகிறது. குழாய் வந்ததால் கழிவு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். 10 பேர்ச் என்பது 250 சதுர மீற்றர். எங்கள் பக்கம் வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. ஒரு சொட்டுக் கூட ஆவியாகாமல் அத்தனையும் நிலத்தில் இறங்கினால் 4 இலட்சம் லீற்றர். அந்த வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கிலோ நைதரசன் குழிக்குப் போகிறது என்று வையுங்கள், 15 கிலோ. மணலில் அது நைத்திரேற்றாக மாறும்போது லீற்றருக்கு 160 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 50. பாதி காற்றோடு போயிற்று என்றாலும் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது. கிருமி என்றால் கொதிக்க வைத்துக் கொல்லலாம். நைத்திரேற்று கொதித்தால் போகாது, தண்ணி வற்ற வற்றச் செறிவுதான் கூடும். போத்தல் பால் குடிக்கிற ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குத்தான் அது பெரிய ஆபத்து.

வெள்ளத்தில் குழாய் உடைந்தால் என்ன செய்வோம்? மறுகா கிணறுதான். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறு எல்லாம் உப்பானபோது தண்ணி பவுசர் லொறி வரும்வரை குடத்தோடு றோட்டில் நின்றவர்களுக்கு அது தெரியும். இந்த மணலுக்கடியில் நல்ல தண்ணி உப்புத் தண்ணியின் மேல் மிதந்துதான் நிற்கிறது. அதை மேலிருந்து நாமே கெடுத்தால் வேறு கையிருப்பு இல்லை.

ஆரையம்பதி மேசன்:
இருபது வருடமாக மலக்குழி கட்டுகிறேன். நடப்பதைச் சொல்கிறேன். பிளானில் செப்டிக் டேங்க் இருக்கும். மண் தோண்டியதும் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "அடியைக் கட்டாதீங்க, தண்ணி இறங்கட்டும், குழியை உறிஞ்சுகிற பவுசர் காசு மிச்சம்" என்பார். சீமெந்து வளையம் மூன்றை இறக்கி, மேலே மூடி போட்டால் வேலை முடிந்தது. கோடையில் தோண்டும்போது அடி மணல் காய்ந்திருக்கும். கார்த்திகையில் அதே குழிக்குள் நிலத்தடித் தண்ணி ஏறி நிற்கும். மணல் காய்ந்திருந்தால் கிருமியை வடிக்கும். தண்ணி ஏறிவிட்டால் வடிக்க எதுவுமில்லை, குழியும் கிணறும் ஒரே தொட்டிதான். "பத்து வருடமாய் பவுசர் பிடிக்கவே இல்லை" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நிரம்பவில்லை என்றால் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

அதனால் பேர்ச் கணக்கு மட்டும் போதாது தம்பி. அடி கட்டாத குழி 20 பேர்ச்சிலும் ஒழுகும்.

பாலமீன்மடுத் தோணி:
எல்லோரும் கிணற்றோடு நிற்கிறீர்கள். மணலுக்குள் போனது பிறகு எங்கே போகிறது? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கோடையில், வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரம் மணல் மூடிய பிறகு வாவிக்கு மூச்சில்லை. தண்ணி பச்சையாகும், கரையில் நாற்றம் எடுக்கும், வலையில் பாசி வந்து ஒட்டும். ஊர்க்கழிவும் வருகிறது, வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலின் உரமும் மருந்தும் வருகிறது. கரையில் நின்ற கண்டல் மரங்களை வெட்டி நிரப்பியதால் தடுக்கவும் ஒன்றுமில்லை. ஒரே வாவி, அதற்கு ஒரே திட்டம் வேண்டும்.

கொக்கட்டிச்சோலையான்:
வரும் என்று தெரியும், வந்துவிட்டது. வாவி கெட்டால் படுவான்கரைதான் காரணம் என்பீர்கள். 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடுத்தார்கள். எங்கள் வயல் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மேலே இருந்து திட்டம் என்றாலே இப்போது பயமாக இருக்கிறது. மாரியில் வெள்ளம் ஏறிப் பெரும்போக வயல் மூழ்கினால் வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவார மணலை வெட்டு என்று நாங்கள் கேட்கிறோம். இறால் போய்விடும், பொறுங்கள் என்கிறீர்கள் நீங்கள். ஒவ்வொரு வருடமும் இதே இழுபறி. எங்கள் பயிர் அழுகும்போது ஒரே வாவி, ஒரே திட்டம் என்று யாரும் எழுதவில்லையே?

கல்லடிப் பெடியன்:
அண்ணன், நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் நீங்கள் சொன்ன முகத்துவாரப் பிரச்சினையே எனக்குச் சாட்சி. ஒரு வெட்டு, இரண்டு கரைக்கும் பலன், இரண்டு கரைக்கும் பாதிப்பு. வாவி 56 கிலோமீற்றர் நீளம், தெற்கே அம்பாறை மாவட்டத்துக்குள்ளும் போகிறது. 1981 கரையோரப் பாதுகாப்புச் சட்டம் எழுதியபோது கடலிலிருந்து உள்ளே 300 மீற்றரும், வாவியென்றால் முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றரும் என்று அதன் அதிகாரத்துக்கு எல்லை போட்டார்கள். மிச்ச வாவி மாநகரசபை, நகரசபை, பிரதேசசபை என்று துண்டு துண்டாகப் போய்விட்டது. ஒரு சபை குழியை இறுக்கினால் அடுத்த சபை எல்லையில் ஒழுகும்.

மேசன் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். 20 பேர்ச் என்றதை விட்டுவிடுகிறேன். காக்காவின் மகளுக்கு 6 பேர்ச்சிலும் வீடு வரட்டும். ஆனால் அடி கட்டிய தொட்டி கட்டாயம், அதைப் பார்த்த பிறகுதான் குடிபுகும் சான்றிதழ். நெருக்கமான ஒழுங்கைகளில் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணியைச் சின்னக் குழாயில் எடுத்து ஓரிடத்தில் சேர்த்து, பன்புல் நட்ட கல் படுக்கையில் வடியவிட்டுச் சுத்தமாக்கலாம். பவுசர் வருவது வீட்டுக்காரர் கூப்பிட்டால் அல்ல, மூன்று வருடத்துக்கு ஒருமுறை முறைப்படி. இதை இரண்டு மாவட்டச் சபைகளும் சேர்ந்து ஒரே விதியாக எழுத வேண்டும்.

மூன்று பெண்ணின் வாப்பா:
இப்போது பேசலாம். எங்கள் ஒழுங்கையில் பதினாலு வீடு. சேர்ந்து போடுவோம் என்றால் பாதிப் பேர் வருவார்கள், காசைத் தவணையில் எடுத்தால் மற்றவர்களும் வருவார்கள். வளவுக்குள் தனித்தனியாகக் கட்டுவதைவிட மலிவாகத்தான் முடியும். ஆனால் பவுசர் உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அந்த ஊர் றோட்டுக்கு வரும்.

கொக்கட்டிச்சோலையான்:
அதைத்தான் நானும் கேட்க இருந்தேன். வெறுங்காணி படுவான்கரையில்தானே கிடக்கிறது என்று சொல்லப்போகிறீர்கள். சொன்னால் நான் இந்தப் பேச்சில் இல்லை.

கல்லடிப் பெடியன்:
சொல்ல மாட்டேன். எழுவான்கரைக் கழிவு எழுவான்கரையில்தான் சுத்தமாக வேண்டும். அடியும் சுவரும் இறுக்கிக் கட்டினால் மணலிலும் சுத்திகரிப்பு நிலையத்தை வைக்கலாம். எங்கள் வீதி முடிவில் அரச காணி ஒன்று இருக்கிறது. அங்கே வந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். அம்மாவோடும் சின்னம்மாமாரோடும் இன்றிரவே பேசுகிறேன்.

கொக்கட்டிச்சோலையான்:
பேசிவிட்டு அவர்கள் சொன்னதை அப்படியே வந்து எழுதுங்கள். மறுகா எங்கள் வடிச்சல் வாய்க்கால்களைப் பற்றி நானே எழுதுகிறேன். அதில் எங்கள் பக்கத்துப் பிழையும் இருக்கிறது.