ராஜபாளையம் நாய்க்கு முட்டியில் காய்ப்பு: எந்தப் படுக்கை சரி?

வைகைக்கரை:
எட்டு வயது ராஜபாளையம், ஆண், 27 கிலோ. வீடு முழுக்க டைல்ஸ். முன்னங்கால் முட்டி இரண்டிலும் முடி உதிர்ந்து, தோல் தடித்துக் காய்ப்பு விழுந்திருக்கிறது. புண் இல்லை. ஓரம் உப்பிய வட்டப் பஞ்சுப் படுக்கை வாங்கிப் போட்டேன். பத்து நிமிடம் படுக்கிறான், எழுந்து தரைக்கே போய்விடுகிறான். மதுரை வெயிலுக்கு எந்தப் படுக்கை, என்ன அளவு, எவ்வளவு கனம்?

மெத்தைக்கடை:
வட்டப் படுக்கை சுருண்டு தூங்கும் நாய்க்கு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கால் நீட்டி ஒருக்களித்துப் படுக்கிறவை. உடம்பில் கொழுப்பும் குறைவு, தோலும் மெலிசு. அதனால் முட்டி எலும்பு நேராகத் தரையில் அழுந்துகிறது. காய்ப்பு அதனால்தான்.

நன்றாகத் தூங்கும்போது டேப் வைத்து அளந்துவிடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை ஒரு அளவு, முதுகிலிருந்து நீட்டிய பாதம் வரை இன்னொன்று. நீளத்தில் 6 இஞ்ச், அகலத்தில் 4 இஞ்ச் கூட்டிக்கொள்ளுங்கள்.

கனம் 4 இஞ்ச், ஆனால் ஒரே ஃபோமாக வேண்டாம். அடியில் 2 இஞ்ச் ரீபாண்டட் (துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டிய கெட்டி ஃபோம்), மேலே 2 இஞ்ச் 40 டென்சிட்டி சாதா ஃபோம். முழுக்க மெத்தென்று இருந்தால் முட்டி பட்ட இடம் அமுங்கித் தரையைத் தொட்டுவிடும். முழுக்க ரீபாண்டட் என்றால் தரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மெத்தைக் கடையில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். இலவம்பஞ்சும் ஃபைபர் பஞ்சும் சில மாதத்தில் கட்டிதட்டி, நடுவில் பள்ளமாகிவிடும்.

சோதிக்க ஒரு வழி: அவன் படுத்திருக்கும்போது மெத்தைக்கு அடியில், முட்டிக்கு நேர் கீழே கையை நுழையுங்கள். எலும்பு கையில் உறுத்தினால் அந்த ஃபோம் போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழல்மரம்:
அவன் எழுந்து போவது சூட்டினால். புசுபுசு துணியும் மெமரி ஃபோமும் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டைல்ஸ் குளுகுளுவென்று இருக்கும். மேலுறை கெட்டியான பருத்தித் துணியாக இருக்கட்டும். ரெக்சின் மேலே வரவே கூடாது. வயதான நாய், சிறுநீர் கசியலாம் என்று தோன்றினால் மெல்லிய வாட்டர்புரூஃப் உறையை ஃபோமை ஒட்டி உள்ளே போட்டு, அதன்மேல் பருத்தி உறை. உறை இரண்டு செட் தைத்துக்கொள்ளுங்கள். ஜிப் நீளப்பக்கம் முழுக்க ஓடினால்தான் கழற்றி மாட்ட முடியும்.

உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நம்மூர் நாய் உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் படுக்கைத் தையலிலும் ஒளிந்து முட்டையிடும். ஒரு பெண் உண்ணி இடுவது ஆயிரக்கணக்கில். வாரம் ஒருமுறை உறையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். ஃபோமைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் பெருக்க வசதி. அந்துருண்டை மட்டும் படுக்கையில் போட்டுவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

வைகைக்கரை:
நன்றி. கால் வைத்த நைலான் வலைக் கட்டில் காற்றோட்டமாக இருக்கும் என்கிறார்களே? காய்ப்புக்கு எதுவும் தடவலாமா?

நிழல்மரம்:
கட்டில் இளம் நாய்க்கு அருமை, அடியிலும் காற்று போகும். உங்களுடையவனுக்கு இரண்டு சிக்கல். வலை தொய்ந்தால் எழுந்திருக்க இடுப்புக்குச் சிரமம். ஓரத்து இரும்புக் குழாயில் அதே முட்டி இடிக்கும். வாங்கினால் 6 இஞ்ச் உயரத்துக்கு மேல் வேண்டாம், காலுக்கு ரப்பர் குமிழ் கட்டாயம், வலைமேல் ஓர் இஞ்ச் மெத்தை விரியுங்கள். டைல்ஸில் ஃபோம் மெத்தையும் நகரும், அடியில் ரப்பர் மேட் போடுங்கள். அவன் எழுந்து கால் வைக்கிற இடம் வரை அந்த மேட் நீண்டிருந்தால் வழுக்காது.

காய்ப்பை உரிக்கவோ சுரண்டவோ கூடாது. வெடிப்பு விழாமலிருக்க இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும், அதிகம் தடவினால் நக்கி நக்கியே புண்ணாக்கிவிடுவான். முட்டியில் தண்ணீர் கோத்தது போல மெத்தென்று வீங்கினால் ஊசியால் குத்தி எடுக்க முயலாதீர்கள், கிருமி உள்ளே போய்விடும். சீழ், சூடு, நொண்டல் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெத்தைக்கடை:
ஒன்று விட்டுப்போனது. புது மெத்தையை அவன் இப்போது படுக்கும் அதே இடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே போடுங்கள். அவன் வாசம் உள்ள பழைய போர்வையை மேலே விரித்து ஒரு வாரம் விடுங்கள். மத்தியானம் தரைக்குப் போனால் தடுக்க வேண்டாம். இரவு முழுக்க மெத்தையில் கிடந்தாலே முட்டிக்குப் பெரிய ஆறுதல்.