டி.ஆர்.எம்.: காப்பா, பூட்டா? (திங்களுக்கு முன் தேவை)

கிளிநொச்சி, ஆசிரியை – வெள்ளி இரவு

எல்லோருக்கும் வணக்கம். இசைத்துறையின் களவுப்பிரதித் தடுப்பும் அதனால் எழுந்த வழக்குகளும் பற்றித் திங்கள் காலை உயர்தர வகுப்புக்குப் பாடம். நான்கு பக்கத் தாள் எழுதி முடித்துவிட்டேன், இரண்டு சொற்களின் இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. ஒன்று, இறுவட்டையோ பாட்டுக் கோப்பையோ படியெடுக்க விடாமல் நிறுவனம் வைக்கும் டி.ஆர்.எம். மற்றது, அதைத் தாண்டிப் போகும் செயல். 1998இல் வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமான டி.எம்.சி.ஏ. தடை செய்தது அந்தச் செயலைத்தான். போன வருடம் முதலாவதை 'எண்ணிம உரிமைகள் முகாமைத்துவம்' என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் பாடமாக்கினார்கள், விளங்கிக்கொள்ளவில்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – சனி காலை

பிள்ளை, 'எண்ணிமக் காப்பு' என்று போடுங்கள். நூலின் தொடக்கத்தில் பாடுவதும் காப்பு, குழந்தையின் கையில் இடுவதும் காப்பு. இரண்டும் தீங்கு வராமல் காப்பவை. அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 'நகல்' மட்டும் வேண்டாம், அது அரபு வழி வந்தது. நமக்குப் 'பகர்ப்பு' இருக்கிறது. அப்புறம், தாளின் தலைப்பில் 'தொழில்நுட்பம்' என்று இருக்கிறது. 'தொழினுட்பம்' என்று புணர்த்தி எழுதுங்கள்.

மாங்குளம், சட்ட மாணவி – சனி மதியம்

ஐயா, காப்பு என்றால் யாருக்குக் காப்பு? 2005இல் சோனி பி.எம்.ஜி. என்ற இசை நிறுவனம் 52 இசைத்தொகுப்புகளின் இறுவட்டுகளில், படியெடுப்பைத் தடுக்கும் எக்ஸ்.சி.பி. என்ற மென்பொருளை வைத்தது. விண்டோஸ் கணினியில் போட்டால் அது உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். தன்னை மட்டுமல்ல, ஒரு குறிப்பிட்ட முன்னொட்டோடு தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்தது. நச்சுநிரல் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புக்கும் அந்த முன்னொட்டையே வைத்து உள்ளே புகுந்தார்கள். அந்த வருடம் ஒக்டோபர் 31 அன்று கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் இதை வெளியே கொண்டுவந்தார். நவம்பரில் டெக்சாஸ் சட்டமா அதிபர் வழக்குப் போட்டார். 2007இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவோடு செய்த இணக்கத்தில், கணினி பழுதானவர்களுக்கு 150 டொலர் வரை கொடுக்க நிறுவனம் சம்மதித்தது.

பாட்டை வாங்கினவருக்கே கேடு செய்ததைக் காப்பு என்று எழுதினால், வழக்கைப் படிக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். 'சிறைகாக்கும் காப்பு எவன்செய்யும்' என்று வள்ளுவரே கேட்டிருக்கிறார். என் பரிந்துரை 'படிப்பூட்டு'.

வவுனியா – சனி மாலை

மகளே, வள்ளுவர் காப்பு என்ற சொல்லைத் தள்ளவில்லை. 'நிறைகாக்கும் காப்பே தலை' என்று அடுத்த அடியில் அதே சொல்லைத்தான் உயர்த்துகிறார். உங்கள் சொல்லோ படிப்பு + ஊட்டு என்றும் பிரியும். பிள்ளைக்குப் படிப்பை ஊட்டுவதும் படிப்பூட்டு, படிக்குப் போடும் பூட்டும் படிப்பூட்டு என்றால் பரீட்சையில் எதை எழுதுவார்கள்?

பூட்டு என்பதன் வேரையும் பாருங்கள். பூண் தன்வினை, பூட்டு பிறவினை. ஏர் பூட்டினோம், தேரில் குதிரை பூட்டினோம், வில்லில் நாண் பூட்டினோம். செய்யுளின் முதலும் ஈறும் பொருளால் இணைவதைப் பூட்டுவிற் பொருள்கோள் என்கிறோம். எல்லாவற்றிலும் இணைப்பதுதான் பொருள், அடைப்பது பின்னால் வந்தது.

புதுக்குடியிருப்பு, ஒலிப்பதிவுக்கூடம் – சனி இரவு

ஐயா, ஏர் பூட்டின கை என்னுடையதும். ஆனால் இன்று கடைத்தெருவில் பூட்டு என்றால் பூட்டுத்தான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மன் பாட்டு இறுவட்டு ஒன்று செய்தோம். வெளியிட்ட கிழமையே பென்டிரைவில் ஏற்றி விற்றார்கள். பாடினவருக்குக் கொடுக்கக் காசு மிஞ்சவில்லை. ஆகவே பூட்டே வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் நானில்லை.

என் கடைக் கதவில் ஆமைப்பூட்டு ஒன்று தொங்குகிறது, அதன் திறப்பு என் இடுப்பில். சோனியின் இறுவட்டோ, காசு கொடுத்து வாங்கினவரின் வீட்டுக்குள் அவருக்கே தெரியாமல் பூட்டைப் போட்டுவிட்டு, திறப்பை நிறுவனத்திடம் வைத்திருக்கிறது. பூட்டு என்று சொன்னால்தான் திறப்பு யாரிடம் என்று பிள்ளை கேட்கும். காப்பு என்றால் கேட்காது. 'நகல் பூட்டு' என்று போடுங்கள், ரீச்சர். பகர்ப்பு என்று கேட்டு என் கடைக்கு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

கிளிநொச்சி – ஞாயிறு காலை

சரி, இரண்டாவது சொல். 'பூட்டுடைப்பு' என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருக்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. 2003இல் பிரின்ஸ்டன் மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், இறுவட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் மீடியாமக்ஸ் தடுப்பு வேலை செய்யாது என்று கட்டுரை எழுதினார். அந்தத் தடுப்பைச் செய்த சன்கொம் நிறுவனம் வழக்குப் போடுவோம் என்றது, பிறகு கைவிட்டது. ஒரு விசையை அழுத்துவது உடைப்பா? இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் உடைப்பெடுத்தது என்று சொல்வோமா? 'கடத்தல்' என்றும் ஒரு யோசனை வந்தது. இங்கே அந்தச் சொல் எந்த நினைவைக் கொண்டுவரும் என்று உங்களுக்குத் தெரியும். அதை வகுப்புக்குள் கொண்டுபோக மாட்டேன்.

மாங்குளம் – ஞாயிறு மதியம்

'பூட்டு விலக்கல்'. உடைத்தாலும், அவிழ்த்தாலும், பக்கத்தால் போனாலும் விலக்கல்தான். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். படிப்பூட்டை விட்டுவிட்டேன், நகல் பூட்டுக்குச் சம்மதம்.

கிளிநொச்சி – ஞாயிறு இரவு

தாள் அச்சுக்குப் போய்விட்டது. நகல் பூட்டு, பூட்டு விலக்கல். தலைப்பில் தொழினுட்பம். ஐயா குறை நினைக்க வேண்டாம், 'பகர்ப்புக் காப்பு என்றும் சொல்வர்' என்று அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

வவுனியா – திங்கள் அதிகாலை

வரிக்கு நன்றி, பிள்ளை. ஆனால் 'விலக்கல்' தவறு. விலக்கு என்றால் சட்டத்தில் விதிவிலக்கு. பூட்டு விலக்கல் என்றால், பூட்டிலிருந்து அரசே விலக்கு அளித்தது என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுதும், நீங்கள் புள்ளி குறைக்க முடியாது. அடுத்த தவணைத் தாளுக்கு முன் இதை மறுபடி எடுப்போம்.