சாவிக்கொத்தும் கடிகாரமும்

மலேசியாவில் மூன்று வீடுகளில் பிள்ளைகளுக்கு வந்த ஆபத்துகளை வீட்டார் சொல்கிறார்கள்.

சுங்கை சிப்புட் அம்மா:

மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தோம். காலையில் லேசான சூடுதான். மதியம் தொட்டிலில் கிடந்தவன் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தான். உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

மாமியார் ஓடிவந்து சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தார். பக்கத்து வீட்டு அக்கா பல்லுக்கு நடுவே கரண்டி வைக்கப் போனார். நல்லவேளை, கிளினிக்கில் மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை செய்யும் நாத்தனார் அன்று வீட்டில் இருந்தார். "வாயில எதையும் வைக்காதீங்க! அண்ணி, நீங்க கடிகாரத்தப் பாருங்க" என்றார். எனக்கு வந்த கோபம்! பிள்ளை இப்படிக் கிடக்கும்போது மணி பார்க்கச் சொல்கிறாரே என்று.

அவனைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தினார். கை காலை யாரையும் பிடித்து அமுக்க விடவில்லை. 999-க்கு அடித்தார். கொழுந்தனை மோட்டாரில் பெரிய ரோட்டு முனைக்கு அனுப்பினார், ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட. செம்பனைக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரிதானே இருக்கும்.

நான்கு நிமிடத்தில் நின்றது. 5 நிமிடம் தாண்டினால் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும், அதற்குத்தான் கடிகாரமாம்.

காய்ச்சல் வலிப்பு என்றார் டாக்டர். 6 மாதம் முதல் 5 வயது வரை வருவது, பெரும்பாலும் மூளையைப் பாதிக்காது. ஆனால் முதல் தடவை வந்தால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்யக் கட்டாயம் காட்ட வேண்டும். பாரசிட்டமால் உடம்பு வலியைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது என்றதும் எனக்குப் புதுசு.

சாவிக்கொத்துக்காக மாமியாரோடு நான் சண்டை போடவில்லை. கையில் இரும்பு இருந்துவிட்டுப் போகட்டும், வாய்க்குள் போகாமல் இருந்தால் சரி.

குளுவாங் அப்பா:

எங்களை ஏமாற்றியது சூடு இறங்கியதுதான். மகளுக்கு நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் காலை உடம்பு குளிர்ந்தது. சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் பார்த்தால் வயிற்று வலி, நிற்காத வாந்தி, பாதம் சில்லென்று இருக்கிறது. மதியத்திலிருந்து சிறுநீரே போகவில்லை. டிங்கி, அதாவது டெங்கு காய்ச்சல். சூடு விடும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்குமாம். மூன்று நாள் டிரிப்பில் கிடந்தாள். இன்னொன்று, டிங்கி என்று சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.

பீடோர் பாட்டி:

நான் ரம்புத்தான் கதை சொல்கிறேன். மூன்று வயதுப் பேரன் கொட்டையோடு விழுங்கிவிட்டான். சத்தமாக இருமினால் இருமட்டும் என்று விட்டுவிடலாம். இவனுக்கோ இருமலும் இல்லை, அழுகையும் இல்லை, வாய் மட்டும் திறந்திருக்கிறது. விரலை விட்டுத் துழாவப் போனேன். உள்ளே தள்ளிவிடுவீங்க அம்மா என்று மருமகள் கையைத் தட்டிவிட்டாள். குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கித் தட்டினாள், நாலாவது தட்டில் வந்து விழுந்தது. அசையாவிட்டால் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து அழுத்து, மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குள் இருந்தால் வயிற்றில் கை வைக்கவே கூடாது, நெஞ்சில்தான் அழுத்த வேண்டும்.

இப்போது சீசன். கொட்டையை எடுத்து, சதையை நறுக்கித்தான் கொடுக்கிறேன். இது ரம்புத்தானே இல்லை என்கிறான் பேரன்.